கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் 'வேற படிப்பு' பற்றிப் பேசப் போகிறீர்களா? கொங்கு வட்டாரத்துக்கு ஒரு வழிகாட்டி

தாராபுரத்துக்குத் தெற்கே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு நான் முதன்முதலாகப் பேசப் போனபோது ப்ரொஜெக்டர் கொண்டுபோயிருந்தேன். அறுபது படிப்புகள், அறுபது படங்கள், ஒன்றரை மணி நேரம். பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். ஏதாவது கேட்கணுமா என்றபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "சார், இதுல எதுக்காச்சும் நம்மூர்ல இருந்து பஸ் இருக்குதுங்களா?"

என்னிடம் பதில் இல்லை. ஹாஸ்டலில் விட வீட்டில் சம்மதிப்பார்களா, மாதம் எவ்வளவு ஆகும், தனியாகப் போய்வர முடியுமா என்று அத்தனையும் அந்தப் பஸ்ஸுக்குள் இருந்தன என்பது பிறகுதான் புரிந்தது. அன்றோடு ப்ரொஜெக்டரை எடுத்துப் போவதை விட்டுவிட்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் இளம் ஆசிரியராக இருக்கலாம், பள்ளியின் பழைய மாணவராக இருக்கலாம், கோவையில் வேலை பார்த்துக்கொண்டு வாரக் கடைசியில் ஊருக்கு வருபவராக இருக்கலாம். 'வேற படிப்பு' என்று நான் சொல்வது எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த வழிகள் நான்கு: இன்ஜினியரிங், நர்சிங், பக்கத்துக் கலைக் கல்லூரியில் பி.காம், இல்லையென்றால் கம்பெனி. இந்த நான்குக்கும் வெளியே இருக்கிற எல்லாமே இந்தக் கட்டுரைக்குள் வரும்.

முதலில் ஊரைச் சுற்றி வாருங்கள்

பள்ளிக்குள் நுழைவதற்கு முன் அந்த ஊரில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். தறியா, கோழிப்பண்ணையா, பனியன் கம்பெனியா, தேங்காய்க் களமா, லேத் பட்டறையா? கண்ணால் பார்த்தே இராத வேலையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் பிள்ளைகள் மனதில் நிற்பதில்லை. தினமும் பார்க்கிற வேலைக்குப் பின்னால் என்னென்ன படிப்பு இருக்கிறது என்று சொன்னால் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

பனியனையே எடுத்துக்கொள்வோம். திருப்பூரைச் சுற்றியிருக்கிற பிள்ளைகளுக்குத் தையல், செக்கிங், பேக்கிங், கட்டிங் மாஸ்டர் வரை தெரியும். பேட்டர்னைக் கம்ப்யூட்டரில் வரைகிறவர், வெளிநாட்டு பையரோடு பேசி ஆர்டரை முடித்துக்கொடுக்கும் மெர்ச்சண்டைசர், சாயப்பட்டறை லேபில் நிறம் ஒத்துவருகிறதா என்று பார்க்கும் வேதியியல் படித்தவர் என்று உள்ளே இருப்பவர்களைத் தெரியாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்ன கதையைச் சொல்லுங்கள். கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டிய கட்டாயம் இருக்கும் வரை வேதியியலும் சுற்றுச்சூழல் பொறியியலும் படித்தவர்களுக்கு அங்கே வேலை இருக்கும். ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் விளக்கமே வேண்டாம். சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றுத் தண்ணீர் என்ன செய்தது என்று அவர்கள் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். முதலிபாளையத்தில் இருக்கும் நிஃப்ட்-டீ கல்லூரி பின்னலாடைக்கென்றே நடக்கிறது. கோவை பீளமேட்டில் சர்தார் வல்லபாய் படேல் பெயரில் ஜவுளி மேலாண்மைக் கல்லூரி ஒன்றும் இருக்கிறது.

திருச்செங்கோடு பக்கம் போனால் ரிக் வண்டி. நாடு முழுக்கப் போர் போடும் வண்டிகள் அங்கிருந்துதான் போகின்றன. அந்த ஊர்ப் பையனுக்கு டிரில்லர் வேலை தெரியும். பாறைக்கு அடியில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று சொல்லும் நிலவியல் என்ற படிப்பு இருப்பதும், அதைச் சேலம் அரசு கலைக் கல்லூரியிலேயே படிக்கலாம் என்பதும் தெரியாது.

சென்னிமலை, பவானி பக்கத்துத் தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு சேலத்தில் மத்திய அரசின் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்ததும் மூன்று வருட டிப்ளமோவில் சேரலாம். திருமுருகன்பூண்டியில் சிற்பப் பட்டறைச் சத்தத்திலேயே வளர்கிற பிள்ளைகளிடம் மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியைப் பற்றிச் சொல்லுங்கள். உளி பிடிக்கிற கைக்குப் பட்டம் தரும் கல்லூரி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது என்பது அவர்களில் பலருக்குப் புதுச்செய்தி. சத்தியமங்கலம், பர்கூர் மலைப் பக்கம் என்றால் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி. அங்கே வனவியலோடு பட்டுப்புழு வளர்ப்பிலும் பட்டப்படிப்பு உண்டு. நாமக்கல், பல்லடம் என்றால் கோழி. நாமக்கல்லிலும் உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு, ஓசூரில் கோழியின உற்பத்திக்கென்றே தனிக் கல்லூரி உண்டு. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டுக் கால்நடை மருத்துவ இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். 'டாக்டர்' என்றாலே நீட் என்று பயந்து ஒதுங்குகிற பிள்ளைகள் நிறைய.

ஓர் எச்சரிக்கை. நம் ஊரில் இந்தப் பேச்சு எடுத்தால் யாராவது ஜி.டி. நாயுடுவை இழுப்பார்கள். கலங்கல் கிராமத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பை விட்டு, 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கி, மோட்டார் தயாரிப்பு வரை போனவர். நானும் அவரை வியந்து பேசுவேன். ஆனால் பதினைந்து வயதுப் பையன் அந்தக் கதையிலிருந்து 'படிக்காமலே ஆகலாம்' என்பதைத்தான் எடுத்துக்கொள்கிறான். அதனால் அவர் கதையின் மறுபாதியையும் சேர்த்தே சொல்லுங்கள். தான் படிக்காத அந்த மனிதர்தான் 1945இல் கோவையில் தொழிற்கல்லூரி வருவதற்குப் பாடுபட்டார். இன்றைய ஜி.சி.டி., அதாவது கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, அதிலிருந்து வந்தது.

பிளஸ் டூவோடு நிற்காதீர்கள், பத்தாவதுக்கும் போங்கள்

பெரும்பாலும் நம்மைப் பிளஸ் டூ வகுப்புக்குத்தான் கூப்பிடுவார்கள். போங்கள், ஆனால் ஒன்பதாவது, பத்தாவதுக்கும் நேரம் கேட்டு வாங்குங்கள். பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுக்கிறார்கள் என்பதிலேயே பாதி வழி தீர்மானமாகிவிடுகிறது. தோழி எடுத்தாள் என்று தானும் எடுப்பது, மார்க் வந்தது என்று ஆசிரியர் போட்டுவிடுவது, இப்படித்தான் நடக்கிறது.

எது எதை அடைக்கும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். கணக்கு இல்லாமல் போனால் பொறியியல் பிரிவுகளில் பெரும்பாலானவை போகும். உயிரியல் இல்லாவிட்டால் மருத்துவமும், அதைச் சார்ந்த துணைப் படிப்புகளில் பலவும் போகும். சட்டம், டிசைன், ஹோட்டல் மேலாண்மை மூன்றுக்கும் எந்த குரூப்பும் தடையில்லை. சி.ஏ.வுக்கும் அப்படித்தான். தொழிற்கல்விப் பிரிவு எடுத்தவர்களுக்கும் பொறியியல் கலந்தாய்வில் தனி இடங்கள் இருக்கின்றன. பல ஆசிரியர்களுக்கே இது தெரியவில்லை.

பத்தாவதோடு நிற்கப் போகிற பிள்ளைகளையும் அங்கேயே பிடிக்கலாம். அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. 2023இல் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் புதிய எந்திரங்களோடு மாற்றப்பட்டன. ரோபோ, கம்ப்யூட்டரால் இயங்கும் நவீன சி.என்.சி. எந்திரம், மின்சார வண்டி மெக்கானிக் என்று அங்கே கற்றுத் தருகிறார்கள். 'ஐ.டி.ஐ.யா' என்று முகம் சுளிக்கிற ஆசிரியர் இருந்தால், கோவையில் நல்ல சி.என்.சி. ஆபரேட்டருக்கு எவ்வளவு தேடுகிறார்கள் என்று ஒரு பட்டறை முதலாளியையே கூட்டி வந்து சொல்லச் சொல்லுங்கள். ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், பாலிடெக்னிக் முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டு சேரலாம். ஏணி அறுந்துவிடவில்லை என்று தெரிந்தால் பெற்றவர்களுக்கு நிம்மதி.

இன்னொன்று, இதை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன். பத்தாவதில் நல்ல மார்க் வந்ததும் கடன் வாங்கியாவது நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்குப் பிள்ளையை மாற்றுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவம், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் ஆகியவற்றில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாறினால் அது போய்விடும். பொறியியல் போன்ற படிப்புகளில் அந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. எத்தனை வீட்டில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு மாற்றுகிறார்கள்?

காலண்டர் ஒன்றை ஒட்டுங்கள்

நம் ஊரில் மே மாதம் ரிசல்ட் வந்த பிறகுதான் யோசிப்போம். 'வேற படிப்பு'களில் பாதிக்கு அதற்குள் கதவு சாத்தியிருக்கும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு டிசம்பரிலேயே நடந்துவிடுகிறது. மத்திய அரசின் நிஃப்ட், என்.ஐ.டி. (NID) போன்ற டிசைன் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் தீபாவளியை ஒட்டிய மாதங்களில் வந்து, பொதுத்தேர்வுக்கு முன்பே முதல் தேர்வு முடிந்துவிடும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட், ஹோட்டல் மேலாண்மைத் தேர்வு, அறிவியல் ஆராய்ச்சிக்கான ஐசர் தேர்வு எல்லாவற்றுக்கும் பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பித்தாக வேண்டும்.

அதனால் ஜூலையிலேயே பள்ளி வராண்டாவில் ஒரு பெரிய காலண்டர் ஒட்டிவிடுங்கள். தேதிகள் வருடாவருடம் மாறும், அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்து நீங்களே மாதாமாதம் எழுதுங்கள். பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இரண்டு மாணவிகளிடம் கொடுங்கள். பையன்களைவிட அவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்கள் என்பது என் அனுபவம்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டுப் பக்கம்

கூட்டமாகப் பேசுவது ஒரு நாள் போதும். அடுத்த நாலைந்து சனிக்கிழமைகளில் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேசி, ஆளுக்கொரு நோட்டுப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 'என்ன ஆகணும்னு ஆசை?' என்று கேட்டால் கலெக்டர், போலீஸ் என்பார்கள். 'லீவு நாள்ல என்ன செய்வே?' என்று கேளுங்கள். அப்போதுதான் வண்டி பிரிப்பவன், ஆட்டுக்கு மருந்து கொடுப்பவள், அப்பாவுக்கு ஜி.எஸ்.டி. பில் போடுபவன் எல்லாரும் தெரிவார்கள்.

பில் போடுகிறவனுக்கு சி.ஏ.வைச் சொல்லலாம். பிளஸ் டூ முடித்ததும் ஃபவுண்டேஷன் தேர்வு, இன்டர்மீடியட் முடித்த பின் ஆடிட்டரிடம் இரண்டு வருடப் பயிற்சி, அப்போது உதவித்தொகையும் உண்டு. ஏற்றுமதியும் ஜவுளியும் இருக்கிற ஊரில் ஆடிட்டர் ஆபீஸுக்கா பஞ்சம்? கணக்கு நன்றாக வரும், வெளியூர் அனுப்ப வீட்டில் ஒத்துக்கொள்ளாத பெண் என்றால் சென்னை ஐ.ஐ.டி.யின் தரவு அறிவியல் பி.எஸ். படிப்பைப் பாருங்கள். 2020இல் தொடங்கியது. ஜே.இ.இ. தேவையில்லை, நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுதினால் போதும். வகுப்பு இணையத்தில், பரீட்சை மட்டும் நேரில் மையத்துக்குப் போய். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. ஆனால் பாடம் ஆங்கிலத்தில்தான், கடினமும்கூட. பக்கத்துக் கல்லூரியில் ஒரு பட்டத்தில் சேர்ந்துகொண்டே இதைத் தொடங்கச் சொல்வது என் பழக்கம்.

கண் மருத்துவம் பற்றி ஆர்வமாகக் கேட்ட ஒரு பெண்ணிடம் அரவிந்த் கண் மருத்துவமனையில் பிளஸ் டூ முடித்த பெண்களுக்கு உதவித்தொகையோடு இரண்டு வருடப் பயிற்சி கொடுத்து வேலையும் தருவதைச் சொன்னேன். கோவையிலும் அவர்களுக்கு மருத்துவமனை உண்டு. சோஹோ மென்பொருள் நிறுவனம் 2005இலிருந்து நடத்தும் பள்ளியும் இதே மாதிரிதான், பட்டம் இல்லாமல் நேராக மென்பொருள் வேலைக்கு. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: இந்த வழிகளில் பட்டம் வராது. பின்னால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 போன்ற அரசு வேலைத் தேர்வுகளுக்குப் பட்டம் கேட்பார்கள். கூடவே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இக்னோவிலோ ஒரு டிகிரி போட்டுக்கொண்டால் அந்தக் கதவும் திறந்தே இருக்கும்.

பெற்றவர்களை ஞாயிற்றுக்கிழமை பாருங்கள்

வேலை நாளில் பெற்றோர் கூட்டம் வைத்தால் யாரும் வரமாட்டார்கள். ஒரு சிப்ட் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. ஞாயிறு காலை வையுங்கள், அதுவும் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள், கறி எடுத்துச் சமைக்க வேண்டும்.

அவர்கள் கேட்பது இதுதான்: "அவ்வளவு தூரம் அனுப்பி மூணு வருசம் படிக்க வெச்சு என்னத்துக்குங்க ஆகும்? கம்பெனிக்குப் போனா சனிக்கிழமையானா கையில காசு வருதுல்லீங்க." இதை அறியாமை என்று நினைத்துப் பேசினால் அங்கேயே தோற்றுவிடுவீர்கள். அந்தச் சனிக்கிழமைக் காசில்தான் அந்த வீடு நடக்கிறது. கம்பெனி வேலையைக் குறைத்து ஒரு வார்த்தை சொல்லாதீர்கள், எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மா அதே கம்பெனியில்தான் செக்கிங் பார்க்கிறார்.

காகிதம் எடுத்துக் கணக்குப் போடுங்கள். படிப்புக் கட்டணம் எவ்வளவு, ஹாஸ்டல் எவ்வளவு, பஸ் பாஸ் எவ்வளவு. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், பையனுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1000. பட்டப்படிப்புக்கு மட்டுமில்லாமல் பாலிடெக்னிக்குக்கும் ஐ.டி.ஐ.க்கும் உண்டு. வீட்டில் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் பொறியியலில் முதல் பட்டதாரிச் சலுகை. எல்லாம் கழித்த பிறகு கையிலிருந்து போவது எவ்வளவு என்று அப்பாவையே எழுதச் சொல்லுங்கள். தன் கையால் எழுதிய தொகை என்றால் அவர் அதைப் பற்றி வீட்டில் போய்ப் பேசுவார்.

பெண் பிள்ளையை வெளியூர் அனுப்பத் தயங்கும் வீட்டில் பேச வேண்டியது அம்மாவிடமோ அப்பத்தாவிடமோதான். ஹாஸ்டல் வார்டனின் பெயரும் கல்லூரி போன் நம்பரும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் சேருவதற்கு முன் ஒரு நாள் அவர்களையும் கூட்டிக்கொண்டு போய்க் கல்லூரியைக் காட்டுங்கள். அப்பத்தா ஹாஸ்டல் சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றால் வேலை முடிந்தது.

சான்றிதழும் ஓ.டி.பி.யும்

உற்சாகமாகப் பேசிவிட்டு வந்துவிடுகிறோம். பிள்ளைகள் விழுவது இந்த இடத்தில்தான். நான் நன்றாகப் பேசி, நன்றாக மனம் மாற்றிய ஒரு பையன், வருமானச் சான்றிதழ் கடைசித் தேதிக்குள் கிடைக்காமல் ஒரு வருடத்தை இழந்தான். இப்போதும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான், ஒரு வாரம் முன்னால் நான் கேட்டிருக்கலாம்.

டிசம்பருக்குள் சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்க வைத்துவிடுங்கள். ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும், உதவித்தொகை அதில்தான் வரும். அப்புறம் போன் நம்பர். விண்ணப்பத்தில் அப்பாவின் நம்பரைக் கொடுத்திருப்பார்கள், அவர் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார், ஓ.டி.பி. அவருக்குப் போகும். வீட்டிலேயே இருக்கும் போனின் நம்பரைக் கொடுங்கள். மின்னஞ்சல் முகவரியும் பாஸ்வேர்டும் அந்தப் பிள்ளையின் நோட்டில் இருக்கட்டும், பிரவுசிங் சென்டர்க்காரரின் நினைவில் வேண்டாம்.

புரோக்கர் வருவார்

ஜூன் மாதம் வீடு தேடி ஒருவர் வருவார். வெளிமாநிலக் கல்லூரி, உடனே சீட், பாதிக் கட்டணம் என்பார். ஒரு தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் அசல் சான்றிதழ்களை அப்படி ஒரு கல்லூரி வாங்கி வைத்துக்கொண்டு, படிப்பை விடுவதாகச் சொன்னபோது மொத்தக் கட்டணமும் கேட்டது. அசலைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. சரிபார்த்துவிட்டு திருப்பித் தர வேண்டும்.

சேர்வதற்கு முன் அங்கீகாரத்தைப் பாருங்கள். பொறியியலுக்கும் பாலிடெக்னிக்குக்கும் ஏ.ஐ.சி.டி.இ., நர்சிங்குக்கு நர்சிங் கவுன்சில், பார்மசிக்கு பார்மசி கவுன்சில், சட்டத்துக்கு பார் கவுன்சில். அவர்களின் இணையதளத்தில் கல்லூரிப் பெயர் இருந்தால்தான் மேலே பேச்சு. கல்லூரியின் விளம்பர நோட்டீஸில் இருக்கும் முத்திரையை நம்ப வேண்டாம்.

சேர்ந்த பிறகு முதல் இரண்டு மாதம்

சேர்த்துவிட்டதோடு நம் வேலை முடியவில்லை. ஊரை விட்டே போகாத பிள்ளை, ஆங்கிலத்தில் வகுப்பு, ஹாஸ்டல் சாப்பாடு, பக்கத்தில் தெரிந்த முகம் இல்லை. ஆகஸ்ட், செப்டம்பரில்தான் நிறையப் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறார்கள். வாரம் ஒரு முறை போன் செய்யுங்கள். 'எப்படிப் படிக்கிறே' என்று கேட்காதீர்கள், 'சாப்பிட்டியா, யாரோட உட்கார்றே' என்று கேளுங்கள். அதே கல்லூரியில் நம் பக்கத்து சீனியர் ஒருவர் இருந்தால் முதல் வாரமே கோத்துவிடுங்கள்.

தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்கு வருவார்கள். பள்ளி திறந்த முதல் நாள் அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேரையாவது பத்தாவது வகுப்புக்குக் கூட்டிப் போங்கள், நீங்கள் பின் பெஞ்சில் உட்காருங்கள். மாதம் எவ்வளவு செலவாகிறது, முதல் வாரம் அழுதார்களா, இங்கிலீஷ் புரியாதபோது என்ன செய்தார்கள், ஊரிலிருந்து எந்த பஸ் ஏறி எங்கே மாறிப் போக வேண்டும் என்று சொல்லச் சொல்லுங்கள்.